எண்ணிப் பார்த்து எழுதும் படிப்பு

செவிலியர் பட்டப்படிப்பில் சேர நினைப்பவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்கும் கேள்விகள், இடம் கிடைக்குமா, முடித்தால் வேலை உறுதியா என்ற இரண்டுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. நடுவில் இருக்கும் மூன்று நான்கு ஆண்டுகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்தப் படிப்பை முடித்து, வார்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்து, இப்போது பயிற்சிக்கு வரும் மாணவர்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பிலும் இருப்பதால், அந்த நடுப்பகுதியைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். இந்தப் படிப்புக்குள் வருபவர்கள் பெரும்பாலும் தங்கள் இரக்கத்தை நம்பி வருகிறார்கள். படிப்பு அவர்களிடம் கேட்பதோ, கண்ணால் கண்டதை அளந்து, அதன் காரணத்தைத் தேடி, அடுத்து வருபவருக்குப் புரியும்படி எழுதிவைக்கும் பொறுமையை. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அதைவிட வேறென்ன வேண்டும். ஆனால் ஒன்று மட்டும் இருப்பவர்களில், அந்தப் பொறுமை உள்ளவர்தான் படிப்பைத் தாக்குப்பிடிக்கிறார் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

சேர்க்கை விதிகள் நாட்டுக்கு நாடு மாறுபடும். பள்ளியில் உயிரியலும் வேதியியலும் படித்திருப்பது பெரும்பாலான இடங்களில் உதவும். பல இடங்களில் கட்டாயம். சில நாடுகளில் மதிப்பெண் தரவரிசையோடு முடிந்துவிடுகிறது, சில நாடுகளில் நுழைவுத்தேர்வு உண்டு, சிலவற்றில் நேர்காணலும் உண்டு. பிரிட்டனில் விண்ணப்பிக்கும்போதே முதியோர் உள்ளிட்ட வயதுவந்தோர், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்ற நான்கு துறைகளில் எதைப் படிக்கப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். வேறு பல நாடுகளில் எல்லாத் துறைகளையும் பொதுவாகப் படித்துவிட்டுப் பிறகுதான் பிரிகிறார்கள். வேறொரு பட்டம் ஏற்கெனவே பெற்றவர்களுக்காக, அமெரிக்காவில் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுக்குள் முடியும் விரைவுப் படிப்புகளும் உள்ளன. ஆகவே பள்ளி முடித்த உடனே சேராவிட்டால் கதவு மூடிவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. முப்பது வயதுக்கு மேல் வந்து சேர்ந்தவர்கள் வார்டில் பதற்றம் குறைவாகவும், பேச்சில் நிதானமாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நேர்காணல் உள்ள இடங்களில் ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கேள்வி தவறாமல் வரும். சேவை மனப்பான்மை என்ற பதிலும் தவறாமல் வரும். அதில் பொய் ஒன்றும் இல்லை. கேட்பவர்களுக்குத்தான் அது காலையிலிருந்து காதில் விழுந்து புளித்துப்போயிருக்கும். ஒரு மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ சில நாள் உடனிருந்து, ஒரு செவிலியர் என்ன செய்தார், எதை முதலில் செய்தார், எதைத் தள்ளிவைத்தார் என்று கவனித்துச் சொல்பவருடைய பதில் தனியாகத் தெரியும். ஒரு முறை நேர்காணலில் உட்கார்ந்திருந்தபோது, தன் பாட்டியைக் கவனித்துக்கொண்ட செவிலியர் ஒவ்வொரு முறையும் மாத்திரை கொடுக்கும் முன் பெயரைக் கேட்டது ஏன் என்று முதலில் எரிச்சலாக இருந்ததாகவும், பிறகு பக்கத்துக் கட்டிலில் அதே பெயரில் இன்னொருவர் இருந்ததைப் பார்த்ததும் புரிந்ததாகவும் ஒரு பெண் சொன்னாள். சேவை என்ற சொல்லை அவள் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

இடம் கிடைத்த பிறகு கவனிக்க வேண்டிய ஒரு நடைமுறை விஷயம் தடுப்பூசி. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி வழக்கமாக மூன்று தவணை. முதல் ஊசிக்குப் பிறகு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறு மாதத்தில் மூன்றாவது. அதன் பின் ஒன்றிரண்டு மாதம் கழித்து இரத்தத்தில் எதிர்ப்பாற்றல் உருவாகியிருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். கடைசி நேரத்தில் தொடங்கினால், மற்றவர்கள் வார்டுக்குப் போகும் நாளில் நாம் சான்றிதழுக்காகக் காத்திருப்போம். காசநோய்ப் பரிசோதனை, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு போன்றவற்றுக்கும் நாள் பிடிக்கும்.

கல்லூரியைத் தேர்வதில் கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்ப்பதைவிட இரண்டு கேள்விகள் கேட்டால் போதும் என்பது என் கருத்து. அந்தப் படிப்பை நாட்டின் செவிலியர் மன்றமோ அதற்கு இணையான பதிவு அமைப்போ அங்கீகரித்திருக்கிறதா என்பது முதல் கேள்வி. பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்துவிட்டாலும், செவிலியராகப் பதிவு கிடைக்காவிட்டால் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு நோயாளிக்கு ஊசிகூடப் போட முடியாது. மாணவர்கள் எந்த மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள், அங்கே அறுவைச் சிகிச்சை, பிரசவம், குழந்தைகள், மனநலம், தீவிர சிகிச்சை என்று எல்லாப் பிரிவுகளும் இருக்கின்றனவா, ஒரு கட்டிலைச் சுற்றி எத்தனை மாணவர்கள் நிற்கிறார்கள் என்பது இரண்டாவது. அங்கே படிக்கும் மூத்த மாணவர்களைத் தனியாகக் கேட்டால் உண்மை வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுச் செவிலியர் படிப்புக்குக் குறைந்தது மூன்று ஆண்டும் 4,600 மணி நேரமும் வேண்டும் என்றும், அதில் பாதிக்குக் குறையாமல் நோயாளிகளோடு நேரடிப் பயிற்சியாகவும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வகுப்புப் படிப்பாகவும் இருக்க வேண்டும் என்றும் சட்டமே வைத்திருக்கிறார்கள். வேறு பல நாடுகளின் விதிகளும் இதே எண்ணத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. வார்டு சரியில்லாத கல்லூரியில் பாதிப் படிப்பு சரியில்லை என்று பொருள்.

இந்தத் தொழிலுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் எதற்கு, கைவேலை கற்றால் போதாதா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860-இல் லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய பின், பல பத்தாண்டுகளுக்குப் பெரும்பாலான நாடுகளில் மருத்துவமனைதான் பள்ளிக்கூடம். மாணவிகள் படிப்பவர்களாக இருந்ததைவிட, சம்பளம் குறைந்த வேலையாட்களாகவே அதிகம் இருந்தார்கள். 1909-இல் மினசோட்டா பல்கலைக்கழகம் செவிலியர் படிப்பைத் தன் கூரைக்குள் கொண்டுவந்தது. 1923-இல் யேல் பல்கலைக்கழகம் அதற்கெனத் தனி முதல்வரைக் கொண்ட பள்ளியை அமைத்தது. இந்தியாவில் டெல்லியிலும் வேலூரிலும் 1946-இல் பட்டப்படிப்பு தொடங்கியது. எடின்பரோவில் 1956-இல் பல்கலைக்கழகத்துக்குள் செவிலியர் கல்விப் பிரிவு வந்தது. பட்டம் பெற்றவர்களால் நோயாளிக்கு என்ன பயன் என்பதற்கும் தரவு உண்டு. அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் லிண்டா எய்க்கனும் அவருடைய குழுவினரும் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சை நோயாளிகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. பட்டம் பெற்ற செவிலியர்களின் பங்கு 10 விழுக்காடு கூடும்போது, அனுமதியான 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைவதாகவும், ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால் அதே அளவு அதிகரிப்பதாகவும் அதில் கண்டார்கள். இரண்டு எண்கள் சேர்ந்து நகர்வதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது என்பதும் அந்தப் பட்டப்படிப்பிலேயே கற்றுத்தரப்படும் பாடம்தான். ஆனாலும் பட்டம் வெறும் அலங்காரம் என்பவர்கள் அந்த எண்ணைத் தாண்டித்தான் பேச வேண்டும்.

முதல் ஆண்டில் பலரைக் கலங்கடிப்பது உடற்கூறியலும் உடலியங்கியலும். எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்துவிடலாம். உடல் இயங்கும் முறையை மனப்பாடம் செய்ய முடியாது. பொட்டாசியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் அதன் அளவு ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும் என்பது ஒரு வரி. அந்த வரியை மட்டும் படித்தவர் தேர்வில் ஒரு மதிப்பெண் வாங்குவார். சிறுநீரகம் பழுதானால் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கும், தேங்கினால் இதயத் தசையின் மின்னோட்டம் மாறும், மாறினால் ஈ.சி.ஜி.யில் ஓர் அலை கூம்பாக உயரும், இன்னும் ஏறினால் இதயம் நின்றுபோகும் என்று தொடர்ந்து யோசிக்கப் பழகியவருக்கு, அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடை ஒருபோதும் நேராக நரம்பில் ஏற்றக் கூடாது என்ற விதியைத் தனியாக யாரும் சொல்லத் தேவையில்லை. மூன்றாம் ஆண்டில் மருந்தியலும் தீவிர சிகிச்சையும் வரும்போது இந்த இருவருக்கும் இடையே உள்ள தூரம் நன்றாகத் தெரியும். முதல் ஆண்டுப் புத்தகங்களைத் தேர்வு முடிந்ததும் விற்றுவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதே ஆண்டில் ஸ்கில் லேபில் பொம்மை உடல்களை வைத்துச் செய்முறைகளைக் கற்பிப்பார்கள். சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவ 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் கரைசலைத் தேய்க்க 20 முதல் 30 விநாடி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கைக் கடிகாரத்தை வைத்துச் செய்துபார்த்தால், நாம் வழக்கமாகக் கை கழுவும் நேரம் எவ்வளவு குறைவு என்று வெட்கமாக இருக்கும். விரல் நுனி, கட்டைவிரல், விரலிடுக்கு ஆகிய மூன்றும்தான் எல்லாரும் விட்டுவிடும் இடங்கள்.

பிறகு வருவது மருந்துக் கணக்கு. கணக்குக்குப் பயந்துதான் இந்தப் பக்கம் வந்தேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். இந்தத் தேர்வு வரும்போது அவர்களுடைய சிரிப்பு காணாமல் போய்விடும். 1,000 மி.லி. திரவத்தை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், டிரிப் செட் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விடும் வகை என்றால், 1,000-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுக்க வேண்டும், நிமிடத்துக்கு 41.67 வரும், 42 சொட்டு என்று வைக்கிறோம். இதில் கடினமான கணிதம் எதுவும் இல்லை. ஆனால் கையில் இருக்கும் செட் குழந்தைகளுக்கு வைக்கும் 60 சொட்டு வகை என்பதை உறையில் படிக்காமல் அதே 42-ஐ வைத்தால், போக வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் போகும். அதனால்தான் கணக்கைவிட உறையைப் படிப்பதை நான் முதலில் கேட்பேன். தசமப் புள்ளியின் கதையும் இப்படியே. ஐந்து மில்லிகிராமை 5.0 என்று எழுதினால் அவசரத்தில் 50 என்று தெரியும். அரை மில்லிகிராமை முன்னால் சுழியம் இல்லாமல் எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகிவிடும். இன்சுலின் அளவுக்குப் பின்னால் யூனிட் என்று முழுச் சொல்லாக எழுதச் சொல்வதும், ஒற்றை ஆங்கில எழுத்தைப் போட்டால் அதைச் சுழியமாகப் படித்துப் பத்து மடங்கு கொடுத்துவிடும் ஆபத்து இருப்பதால்தான். பல கல்லூரிகளில் இந்தத் தேர்வில் மட்டும் நூற்றுக்கு நூறு வாங்கினால்தான் தேர்ச்சி. இது கொடுமை என்று மாணவர்கள் புலம்புவார்கள். தொண்ணூறு விழுக்காடு சரியாகக் கணக்குப் போடும் செவிலியரிடம் உங்கள் குழந்தையை விடுவீர்களா என்று திருப்பிக் கேட்டால் புலம்பல் அடங்கிவிடும்.

வார்டுப் பயிற்சிக்கு முதன்முதலில் போகும்போது பெரிய பெரிய செய்முறைகளை எதிர்பார்த்துப் போகிறார்கள். கையில் கொடுக்கப்படுவது நோயாளியைக் கட்டிலிலேயே துடைத்துக் குளிப்பாட்டும் வேலை. இதற்கா பட்டப்படிப்பு என்ற எண்ணம் முகத்திலேயே எழுதியிருக்கும். அந்த வேலையைச் சரியாகச் செய்ய ஓர் ஆண்டுப் படிப்பு வேண்டும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். முதியவர் ஒருவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பின் பின்புறம் துடைக்கும்போது தோலில் ஒரு சிவந்த திட்டு தெரிகிறது. அதன்மேல் விரலால் மெல்ல அழுத்தி எடுக்க வேண்டும். அழுத்திய இடம் வெளுத்து, பிறகு மீண்டும் சிவந்தால் இரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. தோல் கிழியாவிட்டாலும் உள்ளே திசு பாதிக்கத் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பும் வெளுப்பும் சரியாகத் தெரியாது. சூடு, வீக்கம், கடினம் ஆகியவற்றைத் தொட்டுத்தான் அறிய வேண்டும். குதிகால், முழங்கை, காது மடல் என்று எலும்பு துருத்தும் இடங்களையெல்லாம் பார்த்து, எங்கே, எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதிவைத்தால், மாலை ஷிப்டில் வருபவர் அது பெருகியிருக்கிறதா என்று ஒப்பிட முடியும். துடைப்பதோடு நிறுத்திவிட்டுப் போனால் நோயாளிக்குச் சுத்தம் மட்டுமே மிஞ்சும்.

மூச்சை எண்ணுவதும் இப்படிப்பட்ட வேலைதான். நாடித் துடிப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கருவி வந்துவிட்டது. மூச்சு எண்ணிக்கைக்கு இன்னும் பெரும்பாலும் கண்ணும் கடிகாரமும்தான். நாம் எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். ஆகவே நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டில் விரலை வைத்தபடியே மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்குப் பொறுமை இல்லாமல் 18 அல்லது 20 என்று எல்லாருக்கும் எழுதிவைக்கும் பழக்கம் உலகம் முழுவதும் உண்டு. பட்டியலில் வரிசையாக ஒரே எண் இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். என்னை மாணவியாகப் பயிற்றுவித்த ஆசிரியை, சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எண்ணிப் பார்த்து எழுதினாயா, எழுதிவிட்டு எண்ணப் போகிறாயா என்று ஒவ்வொருவராகக் கேட்பார். அப்போது அது நக்கலாகத் தெரிந்தது. உடல்நிலை மோசமாவதற்குப் பல மணி நேரம் முன்பே மாறத் தொடங்கும் அறிகுறிகளில் மூச்சு எண்ணிக்கை முதன்மையானது. பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய, மதிப்பெண் கூடக்கூட ஆபத்து கூடுவதாகக் கொள்ளும் எச்சரிக்கை மதிப்பெண் முறையில், நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு இருந்தால் சுழியம், 21 முதல் 24 வரை இரண்டு, 25-உம் அதற்கு மேலும் மூன்று. 24 மூச்சு விடும் ஒருவருக்கு 18 என்று எழுதிவிட்டால், வர வேண்டிய மருத்துவர் வரமாட்டார்.

இந்தக் கவனிப்பையெல்லாம் ஒரு தாளில் கொண்டுவருவதுதான் கேர் பிளான். மதிப்பிடுதல், செவிலிய நோயறிதல், திட்டமிடல், செயல்படுத்தல், விளைவைப் பார்த்தல் என்று ஐந்து படிகள். மாணவர்கள் மிகவும் வெறுக்கும் எழுத்துவேலை இதுவாகத்தான் இருக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பெயரை மாற்றி எழுதும் பழக்கமும் இதில்தான் அதிகம். மருத்துவர் நிமோனியா என்று எழுதுகிறார் என்றால் செவிலியர் எழுத வேண்டியது, சளி கெட்டியாக இருப்பதாலும் இருமினால் வயிற்றுத் தையல் வலிப்பதாலும் நோயாளியால் சளியை வெளியேற்ற முடியவில்லை என்பதை. அப்படி எழுதும்போதே என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது: இருமச் சொல்வதற்கு முன் வலிமருந்து, தையலின்மேல் தலையணையை அணைத்துப் பிடிக்கக் கற்றுத்தருதல், நிமிர்ந்து உட்காரவைத்தல், மருத்துவர் தடுத்திராவிட்டால் நீர் அதிகம் குடிக்கவைத்தல். நோயாளி நலமடைவார் என்று இலக்கு எழுதினால் அதை யாரும் சரிபார்க்க முடியாது. நாளை காலைக்குள் உதவியின்றி இருமிச் சளியை வெளியேற்றுவார், மூச்சு 20-க்குக் கீழ் வரும் என்று எழுதினால், நாளை காலை நாமே போய்ப் பார்த்து ஆமாம், இல்லை என்று சொல்லிவிடலாம்.

மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்வதற்கும் முறை உண்டு. இப்போதைய நிலை, பின்னணி, நம் மதிப்பீடு, நாம் கேட்பது என்ற நான்கு படி முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. எனக்குப் பிடித்தது அதன் நான்காவது படி. நோயாளி ஒரு மாதிரியாக இருக்கிறார் சார் என்று சொல்லிவிட்டு மௌனமாக நிற்கும் மாணவரை, நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லும் துணிவுக்கு அது பழக்குகிறது.

வகுப்பு, வார்டு, நைட் டியூட்டி, தேர்வு ஆகியவை ஒரே வாரத்தில் வந்து மோதும் காலம் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள். படிப்பை விட்டுவிடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் பலருக்கு வரும். இதற்குப் பெரிய தந்திரம் எதுவும் கிடையாது. லாக் புக்கில் அன்றன்றைய மணி நேரத்துக்கும் செய்முறைக்கும் அன்றே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மாதக்கடைசியில் அந்த இன்சார்ஜ் சிஸ்டர் விடுப்பில் இருப்பார், அல்லது உங்களை அவருக்கு நினைவிருக்காது. விட்டுப்போன பயிற்சி நேரத்தைத் திரும்பச் செய்தால்தான் பதிவு கிடைக்கும் என்பதால், அது விடுமுறையைத்தான் தின்னும். நைட் டியூட்டி முடித்து வந்த பகலில் படித்தே தீருவேன் என்று உட்காருபவர்கள் படிப்பதும் இல்லை, தூங்குவதும் இல்லை. தூங்கி எழுந்து ஒரு மணி நேரம் படிப்பது மேல்.

நான் பயிற்சிக்குப் போன ஒரு மருத்துவமனையில், வாரக்கணக்கில் எங்களை இரத்த மாதிரிக் குழாய்களைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோகவும், விரிப்பு மாற்றவும் மட்டுமே வைத்திருந்தார்கள். ஆள் பற்றாக்குறை உண்மைதான். அதற்கு மாணவர்கள் நிரப்புப் பொருள் ஆக முடியாது. எங்களில் சிலர் கோபப்பட்டார்கள், சிலர் ஒளிந்துகொண்டார்கள். எங்களோடு படித்த ஒருத்தி மட்டும் காலையில் இரவு ஷிப்டார் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவர் முடிந்ததும், சிஸ்டர், ஏழாம் கட்டிலுக்கு இன்று சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டியிருக்கிறது, நான் பொருட்களை எடுத்துவைக்கிறேன், என்னையும் அழைத்துக்கொள்ளுங்கள் என்று குறிப்பாகக் கேட்பாள். ஏதாவது சொல்லிக்கொடுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் அவசரத்தில் இருப்பவர் பிறகு பார்க்கலாம் என்பார். இன்ன கட்டில், இன்ன வேலை என்று கேட்டால் மறுப்பது கடினம். இன்று மேற்பார்வை செய்யும் இடத்திலிருந்து பார்க்கும்போதும் இதுவே சரியான வழி என்று தோன்றுகிறது. நானும் அப்படிக் கேட்பவரைத்தான் அழைத்துப் போகிறேன்.

மரணத்தைப் பற்றி வகுப்பில் சொல்லித்தருவது கொஞ்சம்தான். காலையில் பேசிக்கொண்டிருந்தவர் மதியம் இறந்துவிட்டால், அவருடைய கண்களை மூடி, குழாய்களை எடுத்து, உடலைத் துடைத்து, பெயர்ப்பட்டை கட்டும் வேலையில் மாணவரும் உடன் நிற்க வேண்டியிருக்கும். அழக் கூடாது என்ற பழைய கட்டளையில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேலையை முடித்துவிட்டு, ஒதுக்குப்புறமாக, உடன் வேலை செய்தவரிடமோ ஆசிரியரிடமோ அன்றைக்கே பேசிவிடுவதுதான் நல்லது. பேசாமல் அடக்கிவைத்தவர்கள்தான் சில மாதம் கழித்துக் காரணம் சொல்லத் தெரியாமல் பயிற்சிக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள். மனநலப் பிரிவில் இதற்கு நேர்மாறான பயிற்சி கிடைக்கும்: பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. செய்வதற்கு ஊசியோ கட்டோ இல்லாத அந்த வாரங்களில் கை துறுதுறுத்துத் தவிக்கும் மாணவர்கள் உண்டு.

கடைசி ஆண்டில் ஆய்வுத் திட்டமும் வார்டு நிர்வாகமும் சேர்ந்துகொள்ளும். ஆய்வுக்கு உலகத்தையே மாற்றும் தலைப்பு வேண்டாம். நீங்கள் நின்ற வார்டில் மூச்சு எண்ணிக்கை எப்படிப் பதிவாகிறது என்பதே ஒரு நல்ல தலைப்பு. பிறகு பல நாடுகளில் உரிமத் தேர்வு. அமெரிக்கத் தேர்வு 1994-இலிருந்து கணினியில், எழுதுபவரின் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறும் முறையில் நடக்கிறது. 2023 ஏப்ரலில் வந்த புதிய வடிவத்தில் குறைந்தது 85, அதிகம் 150 கேள்விகள். ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, எது கவலைக்குரியது, எதை முதலில் செய்வீர்கள் என்று படிப்படியாகக் கேட்கிறார்கள். கேர் பிளானை உண்மையாகவே யோசித்து எழுதிவந்தவர்களுக்கு இது பழகிய பாதை. அடுத்தவர் எழுதியதைப் பார்த்து எழுதியவர்கள் பயிற்சி மையங்களுக்குக் கட்டணம் கட்டுகிறார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில், படித்தது ஒன்று பார்ப்பது ஒன்று என்ற அதிர்ச்சி எல்லாருக்கும் வரும். செவிலியர் ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974-லேயே அதை ஆராய்ந்து பெயரிட்டு எழுதிவிட்டார் என்பதால், அது உங்களுக்கு மட்டும் வந்த குறை என்று நினைக்க வேண்டாம். புதியவர் தேர்ந்தவர் ஆவதற்கு ஐந்து நிலைகள் உண்டு என்று செவிலியர் கல்வியாளர் பாட்ரீஷியா பென்னர் 1984-இல் விளக்கினார். பட்டம் வாங்கிய நாளில் நாம் இரண்டாவது நிலையின் பக்கம் நிற்கிறோம், அவ்வளவுதான். அந்த ஆண்டில் எந்த மருத்துவமனை உங்களுக்கு மூத்த செவிலியர் ஒருவரைத் துணையாகக் கொடுக்கிறதோ, சம்பளம் சற்றுக் குறைந்தாலும் அதைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு காரியத்தைக் கல்லூரியை விட்டு வெளியேறும் முன்பே முடித்துவிடுங்கள். எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு, எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் பயிற்சி என்ற விவரத்தைக் கல்லூரியின் முத்திரையோடு எழுத்தில் வாங்கி, பாடத்திட்டத்தின் பிரதியையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு நாட்டில் பதிவு கேட்கும்போது அந்த அமைப்பு மணிக்கணக்கைத்தான் முதலில் கேட்கும். சில அமைப்புகள் கல்லூரியிடமிருந்து நேரடியாகத் தங்களுக்கே அனுப்பச் சொல்லும். பல ஆண்டு கழித்துப் போனால் அலுவலகத்தில் ஆட்கள் மாறியிருப்பார்கள், பாடத்திட்டமும் மாறியிருக்கும், பழைய பதிவேட்டைத் தேடித்தர யாருக்கும் நேரம் இருக்காது.